மடல் வந்தது, மெய்தானா?

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



எதிர்பாராத வேளையில் ஒரு நிறுவனத்தின் பெயரால் வரும் மின்னஞ்சலை மெய்யென்று கொள்வதா, பொய்யென்று தள்ளுவதா என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். இது கணிப்பொறி வல்லுநர் பேச வேண்டிய பொருளன்றோ, பள்ளித் தலைமையாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு தாளைப் படித்து, அதன் உண்மையை ஆராய்ந்து, அதன் பின்னரே கையொப்பமிடுவது கல்வியின் முதற்பயன். ஆதலின் இது பள்ளிக்கூடத்துப் பொருளே.

நம் முன்னோர்க்கு அந்த வாய்ப்பு மறுக்கப்பட்டது. எவரோ எழுதி எடுத்து வந்த தாளில், எவரோ பிடித்துக் காட்டிய இடத்தில், பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார்கள். 1892ஆம் ஆண்டு அரசாணையை ஒட்டி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் பிறர்க்குக் கைமாறலாகாது என்னும் நிபந்தனையோடு வழங்கப்பட்டவை. ஆயினும் அவற்றுள் மிகப் பல கைமாறிப் போயின. கைநாட்டுப் பெற்ற தாள்கள் அதில் ஆற்றிய பங்கை ஊர்ப் பெரியோர் அறிவர். இன்று நம் பிள்ளைகள் பட்டம் பெற்றிருக்கிறார்கள். கையில் கைப்பேசி இருக்கிறது. ஆனால் படித்துப் பாராமல் திரையின்மீது வைக்கும் விரலும் ஒரு கைநாட்டே ஆகும். இதனை மறத்தல் ஆகாது.

முதலில் இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுவோம். நம் பள்ளியில் பயின்று, பின்னர்ப் பொறியியல் முடித்த மாணவி ஒருத்திக்கு, பெரிய நிறுவனம் ஒன்றின் பெயரால் பணி நியமன ஆணை மின்னஞ்சலில் வந்தது. நிறுவனத்தின் முத்திரை இருந்தது; மேலாளரின் கையொப்பம் இருந்தது; ஆண்டு ஊதியமும் குறிப்பிடப்பட்டிருந்தது. மடிக்கணினி வழங்குவதற்காக, பின்னர்த் திருப்பித் தரத்தக்க முன்பணமாக 12,500 ரூபாயை அன்று மாலை 5 மணிக்குள் செலுத்த வேண்டும் என்பது அதன் கடைசி வரி. கூலி வேலை செய்யும் அவள் தாய் காதுத் தோட்டைக் கழற்றி அடகுக் கடைக்குப் புறப்பட்டுவிட்டார். அந்நிறுவனத்தின் இணையதளத்தில் கண்ட எண்ணுக்கு அப்பெண்ணைப் பேசச் சொன்னோம். அப்படி ஓர் ஆணை தாங்கள் அனுப்பவே இல்லை என்றார்கள். தோடு தப்பியது.

இச்செய்தி ஊரெங்கும் பரவியது. மறு ஆண்டு, அதே தெருவைச் சேர்ந்த இளைஞர் ஒருவருக்கு, சான்றிதழ்களைச் சரிபார்க்க நேரில் வருமாறு வேறொரு நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. “இதுவும் ஏமாற்று வேலைதான்” என்று அதை அவர் அழித்துவிட்டார். அந்த மடல் மெய்யானது. அவருடன் தேர்வு எழுதிய கல்லூரித் தோழர் பணியில் சேர்ந்த பிறகுதான் அது தெரிய வந்தது. குறித்த நாள் கடந்துவிட்டது, வேலை போயிற்று.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து எண்ணிப் பாருங்கள். பொய்யை நம்பினால் பொருள் இழப்பு. மெய்யை ஐயுற்றால் வாழ்வு இழப்பு. “எதையும் நம்பாதே” என்பது வசதியுள்ளவர்க்குப் போதிய அறிவுரையாக இருக்கலாம். அவர்களுக்கு ஒரு வாயில் அடைத்தால், மாமனோ சிற்றப்பனோ மற்றொரு வாயிலைத் திறந்துவிடுவார். நம் குடும்பங்களில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற பிள்ளைக்கு அந்த மின்னஞ்சலே ஒரே வாயிலாக இருத்தல் கூடும். ஆதலின் நமக்கு வேண்டியது அச்சம் அன்று; ஆராயும் முறை. திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமே இருப்பதை நினைவிற் கொள்க. தெரிந்த பிறகே தெளிதல். அந்த வரிசை மாறலாகாது.

இனி, மின்னஞ்சல் என்பது யாது எனக் காண்போம். அஞ்சல் உறையின் மேல் அனுப்புநர் முகவரி என்று எவரும் எதையும் எழுதலாம். “மாவட்ட ஆட்சியர்” என்று எழுதி ஓர் உறையைப் பெட்டியில் போட்டால், தபால்காரர் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் போவார். மின்னஞ்சலும் அத்தகையதே. 1982ஆம் ஆண்டில் மின்னஞ்சல் அனுப்புவதற்கான எஸ்.எம்.டி.பி. என்னும் விதிமுறை வகுக்கப்பட்டபோது, அனுப்புபவர் தாம் கூறும் ஆள்தானா என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. அக்குறையை நிரப்பும் பொருட்டே எஸ்.பி.எப்., டி.கே.ஐ.எம்., டி.மார்க் என்னும் மூன்று சோதனைகள் பின்னாளில் வந்து சேர்ந்தன. அனுப்பிய கணிப்பொறிக்கு அந்த முகவரியின் பெயரால் அனுப்ப உரிமை உண்டா என்பதை முதலாவது பார்க்கும். மடலில் இடப்பட்ட மின்முத்திரை சிதையாமல் இருக்கிறதா என்பதை இரண்டாவது பார்க்கும். இவ்விரண்டில் தேறிய ஒன்றேனும் நம் கண்ணுக்குத் தெரியும் முகவரியோடு பொருந்துகிறதா என்பதை மூன்றாவது பார்க்கும். கணிப்பொறியில் ஜிமெயிலைத் திறந்து, ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தால் இம்மூன்றின் முடிவையும் காணலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. மூன்றிலும் தேறிய மடல் அந்த முகவரியிலிருந்து வந்தது என்பதே மெய்யாகும். அந்த முகவரிக்குரியவர் நல்லவர் என்பது மெய்யாகிவிடாது. சில நூறு ரூபாய் கொடுத்து எவரும் ஓர் இணையப் பெயரைப் பதிவு செய்து, அதற்கு இம்மூன்று சோதனைகளையும் முறையாகவே அமைத்துக்கொள்ள முடியும். ஆகவே முகவரியைப் படிக்கக் கற்பது இன்றியமையாதது.

கைப்பேசியில் மின்னஞ்சலைத் திறந்தவுடன் தெரிவது அனுப்புநரின் பெயர் மட்டுமே. அந்தப் பெயரை அவர் விரும்பியவாறு எழுதிக்கொள்ளலாம். பெயரைத் தொட்டால்தான் முழு முகவரி தெரியும். அதில் ‘அட்’ என்னும் குறிக்குப் பின்னால் இருப்பதையே பார்க்க வேண்டும். அதையும் வலப்பக்கத்திலிருந்து படித்து வர வேண்டும். அஞ்சல் முகவரியில் கதவு எண் முதலிலும், தெரு அடுத்தும், ஊரும் மாவட்டமும் கடைசியிலும் வருகின்றன அல்லவா? கதவு எண் எல்லா ஊரிலும் உண்டு. எந்த ஊர் என்பதைக் கடைசிப் பகுதிதானே சொல்கிறது? இங்கும் அவ்வாறே.

கரும்பலகைக் கணக்குப்போல ஓர் எடுத்துக்காட்டு. ‘முல்லை’ என்றொரு நிறுவனம் இருப்பதாகவும், அதன் இணையப் பெயர் ‘முல்லை டாட் காம்’ என்றும் வைத்துக்கொள்வோம். ‘வேலை டாட் முல்லை டாட் காம்’ என்று முடிந்தால் அது முல்லையின் வீட்டிலுள்ள ஓர் அறை. ‘முல்லை டாட் வேலை டாட் காம்’ என்று முடிந்தால் அது ‘வேலை’ என்பவருடைய வீடு; அவர் தம் அறை ஒன்றுக்கு முல்லை என்று பெயர் வைத்திருக்கிறார், அவ்வளவே. இடையில் சிறுகோடு இட்டு ‘முல்லை-வேலை டாட் காம்’ என்று எழுதினால், அது முற்றிலும் தனியான வேறொரு பெயர். ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் நெருக்கி எழுதினால் ‘எம்’ போலத் தோன்றும். ‘எல்’ என்னும் எழுத்துக்கு ஈடாக ஒன்று என்னும் எண்ணை இட்டால் விரைந்து படிப்பவர்க்கு வேறுபாடு தெரியாது. எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஒன்றாம் வகுப்பில் நாம் எல்லோரும் அப்படித்தான் படித்தோம்.

நம் நாட்டில் ‘கவ் டாட் இன்’ என்னும் முடிவு அரசு அமைப்புகளுக்கே வழங்கப்படுவது. வங்கிகள் தம் இணையதளங்களை ‘பேங்க் டாட் இன்’ என்னும் முடிவுக்கு 2025 அக்டோபர் 31ஆம் நாளுக்குள் மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் பணித்தது. கல்வி உதவித்தொகை வந்திருக்கிறது, வங்கிக் கணக்கு முடங்கப்போகிறது என்றெல்லாம் வரும் மடல்களின் சுட்டிகளை ஆராய இவ்விரு முடிவுகளும் பெரிதும் துணை செய்யும். ‘லிங்க்’ எனப்படும் சுட்டியை உடனே திறந்துவிடாமல், கைப்பேசியில் அதன்மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், அது நம்மை அழைத்துச் செல்லும் உண்மையான முகவரி பெரும்பாலும் தெரிந்துவிடும். மேலே நீல எழுத்தில் தெரிவது ஒன்றாகவும் உள்ளே இருப்பது மற்றொன்றாகவும் இருந்தால், அங்கேயே நின்றுவிடுங்கள்.

‘பிழையுள்ள ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மடல் பொய், பிழையற்றது மெய்’ என்று முன்பு கூறுவதுண்டு. அவ்விதி இன்று செல்லாது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் துணையால் வஞ்சகரும் பிழையற்ற ஆங்கிலமும் தமிழும் எழுதுகிறார்கள். அதோடு நம்மிடம் வேறொரு பலவீனமும் இருக்கிறது. மிடுக்கான ஆங்கிலத்தையும், முத்திரையிட்ட தலைப்புத் தாளையும் கண்டால் எதிர்க்கேள்வி கேட்கத் தயங்குகிறோம். கேள்வி கேட்டால் வேலை கை நழுவிவிடுமோ என்று அஞ்சுகிறோம். தலைமுறை தலைமுறையாக நம்மீது சுமத்தப்பட்ட தயக்கம் அது. வஞ்சகன் நம் அறியாமையைக் காட்டிலும் இந்தத் தயக்கத்தையே பெரிதும் நம்பியிருக்கிறான். உண்மையான நிறுவனம், “இது நீங்கள் அனுப்பியதுதானா?” என்று கேட்டதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்காது. கேட்பதற்கே சினந்து, “உடனே கட்டு, இல்லையேல் வாய்ப்பு வேறொருவர்க்குப் போய்விடும்” என்று விரட்டுபவனைப் பற்றி ஐயுற அந்த விரட்டலே போதும்.

ஆகவே மடல் எப்படி இருக்கிறது என்பதைக் காட்டிலும், அது என்ன கேட்கிறது என்று பாருங்கள். பணம் கேட்கிறதா? கடவுச்சொல்லோ ஓ.டி.பி.யோ கேட்கிறதா? இணைப்பிலுள்ள ஒரு செயலியை நிறுவச் சொல்கிறதா? நேர்முகத் தேர்வே நடவாமல் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் கேட்கிறதா? வேலைக்காகப் பணமோ முன்வைப்புத் தொகையோ தாங்கள் கேட்பதில்லை என்று டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ், இன்போசிஸ் போன்ற பெருநிறுவனங்கள் தம் இணையதளங்களிலேயே அறிவித்துள்ளன. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினி முன்பணம் என்று பெயர் எதுவாயினும், வேலை தருபவர் தொழிலாளியிடம் பணம் கேட்பது தலைகீழான வழக்கம். பணம் அனுப்புவதாகச் சொல்லி யு.பி.ஐ. ரகசிய எண்ணை இடச் சொல்வதும் அத்தகையதே. பணம் பெறுவதற்கு அந்த எண் தேவையே இல்லை.

மற்றொரு வகையும் உண்டு. “எங்கள் பணம் உங்கள் வங்கிக் கணக்கில் வந்து விழும், அதை வேறொரு கணக்குக்கு மாற்றிவிட்டால் உங்களுக்குக் கழிவு உண்டு” என்று சில மடல்கள் வரும். அது வேறு எவரிடமோ திருடிய பணத்தைக் கடத்தும் வேலை. காவல்துறை முதலில் தேடி வருவது கணக்குக்கு உரியவரையே. நம் பிள்ளையின் பெயர் ஒரு குற்ற வழக்கில் ஏறிவிட்டால் அரசுப் பணிக்கான கதவும் அடைபடும். இதை வீட்டிற்கு வீடு எடுத்துச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் ஐயம் நீங்காத மடல்கள் இருக்கும். சில உண்மையான நிறுவனங்களே தம் ஆள்சேர்ப்பு மடல்களை வேறொரு சேவை நிறுவனத்தின் வழியாக அனுப்புவதுண்டு. அப்போது முகவரி பொருந்தாது. மெய்யான அலுவலரின் கணக்கையே வஞ்சகர் கைப்பற்றி எழுதுவதும் உண்டு. அப்போது முகவரி சரியாகவே இருக்கும். அவ்வேளைகளில் நம்மைக் காப்பது ஒரே விதி: மடல் காட்டும் வழியில் போகாதே, நீயே அறிந்த வேறு வழியில் போய்க் கேள். அந்த மடலில் உள்ள தொலைபேசி எண்ணில் பேசினால் வஞ்சகனே எடுத்து “ஆம், மெய்தான்” என்பான். நிறுவனத்தின் இணையதள முகவரியை நீங்களே தட்டெழுதித் திறந்து, அங்குள்ள எண்ணில் கேளுங்கள். கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலரிடம் காட்டுங்கள். நீங்கள் விண்ணப்பித்ததுண்டா, எந்த நாளில், எந்தப் பணிக்கு என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். விண்ணப்பிக்காத வேலைக்கு ஆணை வந்தால் அந்தக் குறிப்பேடே முதலில் எச்சரிக்கும். விண்ணப்பித்த வேலைக்கு மடல் வந்தால், அதை அழித்துவிடாமல் தடுக்கும்.

இவ்விதியின் அருமையை உலகறிந்த ஒரு நிகழ்ச்சி விளக்கும். 2016ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஹிலாரி கிளிண்டனின் பிரசாரக் குழுத் தலைவராக இருந்தவர் ஜான் பொடெஸ்டா. அவ்வாண்டு மார்ச் 19ஆம் நாள், கூகுள் நிறுவனம் அனுப்பியதுபோல் அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் கடவுச்சொல் எவர் கைக்கோ போய்விட்டது, உடனே மாற்றுங்கள் என்றது மடல். ஐயுற்ற உதவியாளர்கள் கணிப்பொறிப் பிரிவைக் கேட்டனர். அங்கிருந்தவர், அது பொய் என்று எழுத நினைத்து, ஒரு சொல் பிழையால் மெய் என்று எழுதிவிட்டதாகப் பின்னர்க் கூறினார். ஆயினும் கடவுச்சொல்லை மாற்றுவதற்குக் கூகுளின் சரியான முகவரியையும் அவர் தம் பதிலிலேயே கொடுத்திருந்தார். அந்த வழியில் சென்றிருந்தால் ஒரு தீங்கும் நேர்ந்திராது. வஞ்சக மடலில் இருந்த சுட்டியே அழுத்தப்பட்டது. அவருடைய மின்னஞ்சல்கள் களவு போயின. அக்டோபர் 7ஆம் நாள் முதல் விக்கிலீக்ஸ் அவற்றை உலகறிய வெளியிட்டது.

கூகுள், பேஸ்புக் என்னும் பெருநிறுவனங்களே 2013க்கும் 2015க்கும் இடையில், தைவான் நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயரால் வந்த போலி மின்னஞ்சல்களையும் விலைப்பட்டியல்களையும் நம்பி, 10 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையை அனுப்பிவிட்டன. அதைச் செய்த லித்துவேனியா நாட்டவருக்கு 2019இல் அமெரிக்க நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. இவற்றை நாம் கூறுவதற்குக் காரணம் உண்டு. ஏமாந்தவர் அறிவிலி அல்லர். உலகின் பெரும் வல்லுநர்களே ஏமாந்திருக்கிறார்கள். ஆதலின் நம் ஊரில் ஒரு பிள்ளை ஏமாந்தால், “படித்தும் புத்தியில்லையே” என்று எள்ளி நகையாடாதீர்கள். அந்த ஏளனத்துக்கு அஞ்சியே எத்தனையோ பேர் வாய் திறவாமல் இருந்து, மீட்கக்கூடிய பணத்தையும் இழக்கிறார்கள்.

பணம் போய்விட்டதென்று அறிந்த அந்த நிமிடமே 1930 என்னும் எண்ணை அழையுங்கள். அது இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். பணம் கைமாறிக் கைமாறி வெளியே எடுக்கப்படுமுன் செய்தி சென்றால், இடைவழியில் அதை நிறுத்திவைக்க இயலும். ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் அந்த வாய்ப்பைக் குறைக்கும். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்னும் அரசுத் தளத்திலும் முறையீட்டைப் பதியலாம். வங்கிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். வந்த மடலை அழிக்காமல் சான்றாக வைத்திருக்க வேண்டும். கணிப்பொறி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோர்க்கு, 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் வகுத்துள்ளது. சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அதன் கதவைத் தட்டுவது நம் கடமை.

நிறைவாக, இச்சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். நம் படிப்பகத்தில் ஞாயிறுதோறும் மாலை ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்கப்பட வேண்டும். எந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்த மடல் வந்தாலும் அதைக் கொண்டுவரட்டும். மூத்த மாணவர் இருவர் உடனிருந்து, முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்து, நிறுவனத்தை வேறு வழியில் கேட்டு, மெய்யா பொய்யா என்று கண்டு சொல்லட்டும். ஞாயிறு வரை காத்திராத மடலாயின், அவர்களுள் ஒருவரை அன்றே அழைக்கட்டும். ஆங்கிலம் அறியாத தாயும் அங்கு வந்து அமர்ந்து, தன் தோட்டைக் கழற்றுமுன் கேள்வி கேட்கட்டும். தனியே படிக்கும்போது அச்சமும் ஆசையும் கண்ணை மறைக்கும்; நால்வர் கூடிப் படித்தால் எழுத்து எழுத்தாகத் தெரியும். அந்த ஒரு மணி நேரம் பொய்யான மடலிலிருந்து ஒரு குடும்பத்தைக் காப்பதோடு, மெய்யான மடலால் மற்றொரு குடும்பத்தை உயர்த்தவும் செய்யும்.

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் இச்சங்கம் பொன்விழாக் காணும்போது, இந்த அரங்கில் அமர்ந்துள்ள இளைஞர்களே அன்று மேடையில் அமர்ந்திருப்பார்கள். அன்றைய வஞ்சகர் எந்த உருவில் வருவாரோ, அறியோம். வந்தவரை வாயிலில் நிறுத்தி, “நீ யார், எங்கிருந்து வருகிறாய், என்ன கேட்கிறாய்?” என்று வினவும் துணிவு நம் பிள்ளைகளிடம் இருக்குமாயின் போதும். அத்துணிவை வளர்ப்பதே கல்வி. வளர்க நம் கல்விச் சங்கம்!